பவளத்திற்கு ஒளி அளத்தல்



நெல்லை நீட்டி அளப்பாரில்லை; துணியை முகந்து அளப்பாரில்லை. எண்ணுதல், நிறுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நால்வகையாகப் பகுத்த பழந்தமிழர், எப்பொருளுக்கு எவ்வளவை பொருந்தும் என்பதனையே முதற்கண் தேர்ந்தனர். அளவை பொருந்தாவிடின், அளப்பவன் கை எத்துணை நேர்மையுடையதாயினும் கணக்குப் பொய்த்துவிடும். இவ்வுண்மையைக் கற்பதற்குப் பவளம் வளர்க்கும் ஒரு கண்ணாடித் தொட்டியே போதும்.

அமெரிக்காவிலும் செருமனியிலும் இன்னும் பல நாடுகளிலும், உயிருள்ள பவளங்களை வீட்டுத் தொட்டிகளில் வளர்ப்போர் உளர். சகார்த்தாவில் வாழ்ந்த இலீ சின் எங் என்பார், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்கற்களைத் தொட்டியிலிட்டுக் கடலுயிர்களைப் பேணும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். அவ்வழியில் தொட்டி வளர்ப்போர் நீரின் உப்பைக் கருவியால் அளக்கின்றனர். வெப்பத்தையும் கருவியால் அளக்கின்றனர். ஒளியை மட்டும் பலர் கண்ணால் மதிப்பிட்டு அமைந்து விடுகின்றனர். கேடு அங்கேதான் தொடங்குகின்றது.

பவளத்திற்கு ஒளி எதற்கு என்று கேட்கலாம். பழந்தமிழர் துகிர் என்று போற்றி அணிந்த செம்பவளத்திற்கு ஒளி வேண்டுவதில்லை. அது மங்கிய ஒளியுடைய ஆழங்களிலும் குகைகளிலும் வாழ்வது. நீரில் மிதந்து வரும் இரையைப் பற்றி உண்பது. பாறை கட்டும் பவளமோ வேறு. அதன் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதன் பெரும்பகுதியைத் தம்மைத் தாங்கும் பவளத்திற்கு வழங்குகின்றன. ஒளி குன்றினால் பவளம் பையப்பையப் பட்டினி கிடந்து மெலியும். ஒளி அளவு கடந்தாலோ நுண்பாசியின் உணவாக்கம் சிதைந்து நஞ்சு பிறக்கும். பவளம் பாசியை வெளியேற்றி வெளிறிவிடும். ஆகவே ஒளி அதற்கு அணியன்று, உணவு.

இனி, அவ்வுணவை அளப்பது எவ்வாறு? விளக்குக் கடைகளிலும் கைப்பேசிகளிலும் கிடைக்கும் அளவை 'இலக்சு' என்பது. அது மாந்தர் கண்ணுக்காக அமைந்தது. பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1924-இல் மாந்தர் கண்ணின் உணர்திறனை ஒரு வரைவாக வகுத்தது. 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சையொளிக்குக் கண் மிகக் கூர்மையுடையது. நீலத்திற்கும் சிவப்பிற்கும் மிக மங்கியது. அவ்வரைவைத் தழுவியே இலக்சுக் கருவி கணக்கிடுகின்றது. படிப்பறைக்கும் தெருவிளக்கிற்கும் அது மிகப் பொருந்தும். பவளத்திற்கோ கண் இல்லை. அதனுள் இருப்பது பாசி.

பாசி ஒளியை எண்ணியே உண்கின்றது. ஒளி என்பது துகள் துகளாக வருவது. ஒவ்வொரு துகளும் ஒரு கவளம். பயிர்கள் எவ்வெவ் வண்ண ஒளியை எவ்வளவு பயன்கொள்கின்றன என்பதைக் கீத்து மெக்கிரீ என்னும் அறிஞர் அளந்து 1972-இல் வெளியிட்டார். 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எண்ணும் முறைக்கு அவ்வாய்வு வலுவூட்டியது. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு நொடியில் விழும் துகள்களை 'மைக்ரோமோல்' என்னும் எண்ணளவால் கூறுவர். ஒரு மைக்ரோமோல் என்பது 6 என்னும் எண்ணின்பின் 17 சுழிகள் இட்ட தொகைக்கு ஏறத்தாழ ஒப்பானது. உச்சிப்பொழுதின் முழு வெயில் ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல் ஆகும்.

இவ்விரண்டு அளவைகளுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 மைக்ரோமோல் ஒளி வருகின்றது என்று கொள்வோம். அது 555 நானோமீட்டர்ப் பச்சையாயின் இலக்சுக் கருவி ஏறத்தாழ 14,700 என்று காட்டும். வெயிலாயின் 5,400 அளவில் காட்டும். 450 நானோமீட்டர் நீலமாயின் 700-ஐ ஒட்டியே காட்டும். துகள்களின் எண்ணிக்கை ஒன்றே. கருவி சொல்லும் விடையோ இருபது மடங்கிற்கும் மேல் வேறுபடுகின்றது! பவள வளர்ப்போர் இன்று மிகுதியாகப் பயன்படுத்துவன நீலம் மிக்க எல்.இ.டி. விளக்குகளே. அவற்றின்கீழ் நின்று, "தொட்டி இருண்டிருக்கின்றதே" என்று கண்ணை நம்பி விளக்கை மேலும் ஏற்றுபவர், பசியில்லாத வாயில் மேலும் மேலும் சோறு திணிப்பவர் ஆகின்றார். சில கிழமைகளில் பவளம் வெளிறி நிற்கும்.

எனவே துகள் எண்ணும் கருவியே வேண்டும். அதிலும் நீல ஒளியைக் குறைத்துக் காட்டும் பழைய வகை உணரிகள் உள. முழு நிறமாலையையும் ஒப்ப எண்ணும் உணரியே ஏற்றது. காற்றில் அளவு திருத்தப்பெற்ற உணரி, நீருக்குள் உண்மையினும் குறைவாகக் காட்டும். அதன் வெண்மூடிக்குள் புகுந்த ஒளியில் ஒரு பகுதி, காற்றில் தப்புவதைவிட நீரில் எளிதாக வெளியே தப்பிவிடுவதே அதற்கு ஏது. கருவி செய்தோர் தரும் திருத்த எண்ணால் பெருக்கிக்கொள்ளல் வேண்டும்.

அளக்கும் இடமும் கருதத்தக்கது. விளக்கின் அடியில் நீர்மட்டத்தில் அளப்பது போதாது. பவளம் இருக்கும் இடத்திலேயே உணரியை மேல்நோக்கி வைத்தல் வேண்டும். தொட்டியின் நடுவும் மூலையும் ஒன்றல்ல. அலையால் ஒளி நடுங்குமாதலின் பலமுறை அளந்து நடுவெண் காணல் நலம். மெல்லுடற் பவளங்களுக்கு 50 முதல் 100 வரையும், பெரிய வாயுடைய கற்பவளங்கள் பலவற்றிற்கு 75 முதல் 150 வரையும், அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்களுக்கு 200 முதல் 350 வரையும் வளர்ப்போர் கொள்ளும் பொது அளவுகளாம்.

பொழுதையும் சேர்த்தே எண்ணுக. நொடிக்கு 150 வீதம் 10 மணி ஒளி வீசினால் நாளொன்றுக்கு 5.4 மோல். அதே தொகையை 300 வீதம் 5 மணியிலும் கொட்டிவிடலாம். ஆனால் நாள்முழுதிற்குமான சோற்றை ஒரே வேளையில் உண்ணவல்லார் யார்? புதிதாக வந்த பவளத்தைக் குறைந்த ஒளியில் தொடங்கிக் கிழமை கிழமையாக உயர்த்துதல் வேண்டும். மஞ்சள் பாய்ந்த நீரைக் கரித்தூளால் ஒரே நாளில் தெளிவித்தாலும் ஒளி திடுமென மிகும். அன்றும் அளத்தல் வேண்டும்.

இஃது ஒரு பொழுதுபோக்குத்தானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. தொட்டிகளில் வளர்வனவற்றுள் ஒரு பகுதி வெட்டி வளர்த்த துண்டுகள். மற்றொரு பகுதி கடற்பாறையிலிருந்தே பெயர்த்தவை. அத்தகைய ஒன்று அளவறியா ஒளியால் மடிந்தால், கடல் ஓர் உயிரை வீணே இழந்தது என்பதே பொருள். இந்திய நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுத்தல் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் உள்ளிட்ட கடற்பகுதி 1986-இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அங்குள்ள பவளமும் இதே நுண்பாசியோடுதான் வாழ்கின்றது. நீர் கலங்கினால் ஒளி குன்றி நலிவதும், வெப்பம் மிக்க கோடையில் வெளிறுவதும் அதற்கும் உண்டு.

மாணவச் செல்வங்களே! அளப்பதற்கு முன்னர், எவ்வுயிருக்காக அளக்கின்றோம் என்று கேளுங்கள். நம் கண்ணுக்கு வெளிச்சமாய்த் தோன்றுவது வேறொன்றிற்கு இருளாகலாம். நமக்கு இருளாய்த் தோன்றுவது அதற்கு மிகையாகலாம். பெறுகின்ற உயிரின் தேவையறிந்து அளந்து கொடுப்பதே ஈகை. அறியாமல் கொட்டுவது, அன்பினால் செய்யினும், கேடாகவே முடியும்.