பிறை தொழுத வீரன்

யப்பானிய நாட்டிலே சிற்றரசர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தம்முள் பொருது மடிந்த காலமொன்று உண்டு. அக்காலத்துச் சாமுராய் வீரருள் எசமான விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுபவன் யமனாகா ஷிகானோசுகே. பிறை கண்டபோதெல்லாம், ஏழு துயரங்களையும் எட்டு இடர்களையும் தனக்கே தருமாறு அவன் வேண்டினான் என்பர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அந்நாட்டுச் சிறுவர் இதைப் பாடநூலிலேயே படித்தனர். வேண்டுதல் கதையாக இருக்கலாம். இடர்கள் வந்தது மெய்.

அவன் ஊழியஞ் செய்தது இசுமோ நாட்டை ஆண்ட அமாகோ குடிக்கு. மோரி குலத்தார் அவர்களுடைய மலைக்கோட்டையை முற்றுகையிட்டு, உணவின்றி வாட்டி, 1566ஆம் ஆண்டிலே பணியவைத்தனர். தலைவன் யொஷிஹிசா சரணடைந்தான். வென்றவர்கள் அவனைக் கொல்லாது காவலில் வைத்தனர். அவன் ஓய்ந்தான், ஊழியன் ஓயவில்லை.

கியோத்தோ நகரத்துத் தொபுகுஜி மடத்திலே இளந்துறவி ஒருவன் இருந்தான். 1554இல் யொஷிஹிசாவின் தந்தை தன் உறவினரையே ஐயுற்றுக் கொன்றொழித்தபோது தப்பிய குழந்தை அவன். ஷிகானோசுகே அவனைத் துறவு களையச் செய்து, கட்சுஹிசா என்ற பெயருடன் அமாகோ குடிக்குத் தலைவனாக்கினான். தன் குடும்பத்தை அழித்த குடியின் கொடியையே அவ்விளைஞன் ஏந்தவேண்டியதாயிற்று! நேயர்களே, விசுவாசத்தைப் புகழ்வோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

1569இல் இசுமோவிற் புகுந்தனர். மறு ஆண்டே தோற்றனர். ஷிகானோசுகே சிறைப்பட்டான். வயிற்றுக்கடுப்பென்று நடித்து, இரவெல்லாம் மலகூடத்துக்குப் போவதும் வருவதுமாகக் காவலரைச் சலிப்பித்துத் தப்பினானாம். காவியத்துக்கேற்ற வழியன்று, ஆயினும் பயன்பட்ட வழி.

பின்னர் ஓடா நொபுனாகாவின் துணையை நாடினான். நொபுனாகாவின் தளபதி ஹிதெயோஷி, கோசுகிக் கோட்டையைக் கைப்பற்றி அமாகோ வீரரிடம் ஒப்படைத்தான். 1578இல் மோரியின் பெரும்படை அதை வளைத்தது. ஹிதெயோஷி உதவிக்கு வந்தான். ஆனால் மிகிக் கோட்டை முற்றுகையே முதன்மையானது என்று நொபுனாகா கட்டளையிடவே, அவன் திரும்பிச் சென்றான். பெரியோரின் கணக்கில் கோசுகி ஒரு சிறு புள்ளி.

கட்சுஹிசா தன் உயிரைத் தானே மாய்த்தான். அப்பொழுது அவனுக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. ஷிகானோசுகே உயிரோடு சரணடைந்தான். மோரித் தளபதியை நெருங்கிக் கொல்லவே அவ்வாறு செய்தான் என்போரும் உளர். கைதியாகக் கொண்டுசெல்லும் வழியில், தகஹாஷி ஆற்றுத் துறையருகே மோரியின் ஆட்கள் அவனை வெட்டி வீழ்த்தினர்.

முதலிற் சரணடைந்த யொஷிஹிசாவோ, மோரி குலத்தாரின் ஆதரவில் 1610ஆம் ஆண்டுவரை வாழ்ந்திருந்தான்.