ஓடும் பனி



பனியாறு என்னும் சொல்லில் 'ஆறு' அணிக்காகச் சேர்ந்ததன்று. அது ஓடவே செய்கிறது.

1820 ஆகஸ்டில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தை நோக்கி ஏறிய ஹாமெல் குழுவினரைப் பனிச்சரிவு தாக்கியது. வழிகாட்டிகள் மூவர் பனிப் பிளவில் புதைந்தனர், உடல்கள் கிட்டவில்லை.

ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1842இல் அதே மலைப்பகுதியின் மேர் த கிளாஸ் பனியாற்றில் குறிகள் இட்டு, தியோடலைட் கருவியால் அளந்தார். இரவும் பகலும் அது நகர்ந்தது. கரையோரத்தினும் நடுப்பகுதி விரைந்தது. நீராற்றின் இயல்பும் அதுவன்றோ! பனிக்கட்டி சரிவிலே தன் சுமையால் நெகிழ்ந்து இறங்குகிறது என்பது அவர் முடிபு. அவ்வளவீடுகளைக் கொண்டு, புதைந்தோர் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் பொஸ்ஸோன் பனியாற்றின் கீழ்முனையில் வெளிப்படுவர் என்றும் கணித்தார். இரக்கமற்ற கணக்காகத் தோன்றலாம். ஆயினும் உடல் கிட்டாத குடும்பத்திற்கு நாள் குறித்துக் கொடுப்பதும் ஒருவகை இரக்கமே. 1861இல் அவ்வெச்சங்கள் வெளிப்பட்டன. அன்று உயிர்தப்பி, அப்போது முதுமையடைந்திருந்த வழிகாட்டி ஒருவர் தம் தோழர்களை அடையாளம் கண்டார்.

பனியின் தடிப்பு குறைந்தால் இக்கணக்கு பொய்த்துவிடும். மேலே சேரும் பனியினும் கீழே உருகுவது மிகுமாயின் பனியாறு மெலிகிறது, மெலிந்தது தளர்கிறது. ஐஸ்லாந்தின் ஓக் பனியாறு வெப்ப மிகுதியால் அவ்வாறு மெலிந்து, தன் எடையால் நகரும் ஆற்றலையே இழந்தது. 2014இல் ஆய்வாளர் ஒட்டூர் சிகுர்ட்ஸன், அது இனிப் பனியாறன்று என அறிவித்தார். பனிக்கட்டி எஞ்சியிருந்தது, ஓட்டம் இல்லை. 2019இல் அவ்விடத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பெற்றது.