ராத்திரியில் மலையில் லைட் தெரிந்தால்

(தோட்டத்து மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



போன மாதம் காட்டோரத்து மலையில் மூன்று ராத்திரி பெரிய டோர்ச் லைட் சுழன்றதை நம்மில் பலர் பார்த்தோம். மூன்றாம் நாள் நம்ம பொடியன்கள் நாலு பேர் கவ்வாத்துக் கத்தியோடு அந்த லைட்டைப் பார்த்து ஓடினார்கள். பாதி வழியில் வெடிச் சத்தம். நல்ல காலம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர்களுடைய தாய்மார் விடியும்வரை லயத்து வாசலில் நின்றதை நாம் மறக்கக் கூடாது.

வேட்டைக்காரன் ஏன் லைட் அடிக்கிறான்? வெளிச்சம் பட்டால் மரை, முயல் எல்லாம் திகைத்து நிற்கும், கண் மின்னும். அந்தக் கண்ணைக் குறி வைத்துத்தான் சுடுகிறான். நம்ம பால்மாட்டின் கண்ணும் அப்படித்தான் மின்னும். பின்னால் லயம் இருக்கா, ஆள் நிற்கிறாரா என்று அவனுக்குத் தெரியாது. துவக்கு வைத்திருப்பவனிடம் கத்தியோடு போவது வீரம் இல்லை.

அப்போ சும்மா இருப்பதா? இல்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் எடுங்கள். நாயைக் கட்டுங்கள். நம்ம லைட்டை அவர்கள் பக்கம் அடிக்க வேண்டாம். எந்த மலை, எத்தனை மணி, எத்தனை பேர், வாகன நம்பர் என்ன என்று எழுதி வையுங்கள். உடனே காவல்காரருக்கும் தலைவருக்கும் சொல்லுங்கள். 119க்கு அடித்தால் பொலிஸ், 1992க்கு அடித்தால் வனஜீவராசிகள் திணைக்களம். விடிந்ததும் தோட்டத்து ஒபிசிலும் சொல்லிவிடுங்கள்.

காலையில் கொழுந்துக்குப் போகும் தாய்மாரே, காட்டோரத்தில் பாதைக்குக் குறுக்கே நூலோ கம்பியோ கண்டால் தொடாதீர்கள். அது கட்டுத்துவக்காக இருக்கலாம். வந்த வழியே திரும்பி, மற்றவர்களையும் நிறுத்தி, கங்காணியிடம் சொல்லுங்கள். சுருக்கில் சிறுத்தை மாட்டியிருந்தால் வேடிக்கை பார்க்கக் கிட்டப் போகவே கூடாது.

இன்னொன்றையும் மனம் திறந்து பேசுவோம். பன்றி வந்து மரக்கறித் தோட்டத்தைத் தோண்டிப் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்காக நம்ம ஆட்களும் சில பேர் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். செத்தால் வழக்கு வரும். வேலியைப் பலமாகக் கட்டுவோம், முறை வைத்துத் தகரம் தட்டிக் காவல் இருப்போம்.

கடைசியாக ஒரு வார்த்தை. வெளியிலிருந்து வருகிறவனுக்கு நம்ம மலையில் வழி தெரியாது. "லைட் பிடிக்க வா தம்பி, காசு தர்றோம்" என்று நம்ம பொடியனைத்தான் கூப்பிடுகிறான். பொலிஸ் வந்தால் துவக்குக்காரன் வேனில் ஏறி ஓடிவிடுவான். லைட் பிடித்த நம்ம பிள்ளைதான் அகப்படுவான். கோட்டுக்கு அலைவது யார்? அடகு வைக்கப்படுவது யார் தோடு? அந்தத் தாய்தான் பாவம்.

அந்த இறைச்சியை வாங்காமல் இருப்போம். வாங்க ஆள் இல்லை என்றால் லைட்டும் வராது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள்.