பழைய லொறியின் நாடி

நோயுற்றவனைப் பார்க்க வரும் வைத்தியர் முதலில் அவன் கையைப் பற்றி நாடியை ஆராய்வார். நோயாளி தன் துன்பத்தை வாயால் எடுத்துரைக்க வல்லவன். ஆயினும் நாடி கூறுவதை வாய் கூறாது என்பதை வைத்தியர் அறிவார். இயந்திரத்துக்கோ வாயே இல்லை. நாடி பார்க்கும் கருவியும் அதற்கு இல்லையெனில், நோய் முற்றிய பின்னரே அது வெளிப்படும். இலங்கையின் வீதிகளில் இன்றும் சுமை இழுக்கும் பழைய லொறிகள் பலவற்றின் நிலை இதுவே.

இங்கிலாந்தில் 1931ஆம் ஆண்டு தோன்றிய பெட்போர்ட் லொறி இந்நாட்டு மக்களுக்கு நன்கு அறிமுகமானது. அதனையொத்த பழைய வாகனத்தை விற்றுவிட்டுப் புதியதொன்றை வாங்குதல் எல்லார்க்கும் இயல்வதன்று. 2020ஆம் ஆண்டில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனினும் ஒரே லொறியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதன் இயந்திரம் பழுதடைவது, உழவனுக்கு எருது இறப்பதையே ஒக்கும்.

பழைய லொறியின் முகப்புப் பலகையில் வேகமானி ஒன்று, எரிபொருள்மானி ஒன்று, இரண்டொரு சிவப்பு விளக்குகள் ஆகியவையே பெரும்பாலும் காணப்படும். சிவப்பு விளக்கென்பது திருடன் உள்ளே புகுந்தபின் கூவும் காவற்காரன். ஒயில் அமுக்கம் மிகத் தாழ்ந்த பின்னரே அது எரியும். ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலில் நிற்கவேண்டிய அமுக்கம் 20 இறாத்தலுக்கு இறங்கினும் அது வாய் திறவாது. மானியின் முள்ளோ 40இலிருந்து 35க்கு இறங்கும்போதே சாரதிக்குச் செய்தி சொல்லிவிடும்.

புதிதாகப் பொருத்தத்தக்க மானிகளுள் முதலிடம் பெறுவது சுழற்சிமானி. சாரதிமார் இதனை ஆர்.பி.எம். மீற்றர் என்பர். இயந்திரத்தின் கிராங் தண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதை இது காட்டும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மூன்றாம் கியரில் ஓடினும் நான்காம் கியரில் ஓடினும் வேகமானிக்கு இரண்டும் ஒன்றே. இயந்திரம் படும் பாடோ முற்றிலும் வேறு.

இதன் பயன் மலைநாட்டு வீதிகளில் நன்கு விளங்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மரக்கறி ஏற்றிய லொறி றம்பொடை வழியாகக் கம்பளையை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. பிறேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறி வலுவிழக்கும். ஆதலால் அனுபவமுள்ள சாரதி தாழ்ந்த கியரில் இறங்கி, இயந்திரத்தையே தடையாகப் பயன்படுத்துவார்.

இங்கேதான் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. டீசல் இயந்திரத்திலுள்ள கவர்னர் என்னும் கட்டுப்படுத்தி, எரிபொருளைக் குறைத்துச் சுழற்சியை அடக்கும். ஆனால் இறக்கத்தில் இயந்திரத்தைச் சுழற்றுவது எரிபொருளன்று. சுமையின் பாரமே சில்லுகளின் வழியாக அதனைச் சுழற்றுகிறது. எரிபொருள் முற்றாக நின்றாலும் அச்சுழற்சி நில்லாது. நிமிடத்துக்கு 2,000 சுழற்சி 3,000 ஆகுமிடத்து, பிஸ்ரனையும் அதனைப் பிணைக்கும் தண்டையும் இழுக்கும் விசை ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காகும். எல்லை மீறினால் வால்வு பிஸ்ரனில் மோதலாம், தண்டு முறியலாம். பழகிய காது இதனை ஒலியால் அறியும் என்பது உண்மையே. எனினும் மழை இரைச்சலிலும் நள்ளிரவுக் களைப்பிலும் காது தவறும், முள்ளுக்குக் களைப்பில்லை. தயாரித்தவரின் கைந்நூலில் உள்ள உச்ச அளவை மானியில் சிவப்புக் கோடாக வரைந்துவைத்தல் நன்று.

பெற்றோல் இயந்திரத்தில் தீப்பொறிக்கான மின்துடிப்புகளைக்கொண்டு சுழற்சி கணிக்கப்படும். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லையாதலால் அம்மானி அதற்குப் பயன்படாது. ஓல்ற்றனேற்றரின் டபிள்யூ முனையிலிருந்தேனும், பிளைவீல் என்னும் கனத்த சில்லின் பற்களை எண்ணும் உணரியிலிருந்தேனும் குறிப்பைப் பெறல் வேண்டும். முன்னையது எளிது, ஆயின் பெல்ற் வழுக்கினால் கணக்கும் பிழைக்கும். எவ்வழியாயினும், பொருத்தியபின் நம்பத்தக்க வேறொரு கருவியோடு ஒப்பிட்டுத் திருத்துதல் அவசியம்.

அடுத்தது ஒயில் அமுக்கமானி. 1849ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான யூஜீன் பூர்டோன் காப்புரிமை பெற்ற வளைந்த குழாயே பொறிமுறை அமுக்கமானிகளின் உயிர். அமுக்கம் ஏறுமிடத்து அக்குழாய் நிமிர முயலும். அவ்வசைவே முள்ளைத் திருப்பும். இவ்வகை மானிக்குச் சூடான ஒயில் நுண்குழாய் வழியாகச் சாரதியின் காலடிவரை வருகிறது. குழாய் வெடித்தால் தீப்புண் நேரும். மின்னுணரி கொண்ட மானியில் இவ்வச்சம் இல்லை. பழைய சிவப்பு விளக்கையும் நீக்காது, இரண்டையும் ஒரே இணைப்பில் பொருத்துதல் அறிவுடைமை.

வெப்பமானியைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் உணரி நீரில் அமிழ்ந்திருக்கும்போதே உண்மை கூறும். றேடியேற்றர் நீர் வற்றிவிட்டால், இயந்திரம் கொதிக்கையிலும் முள் கீழிறங்கக்கூடும். ஏறிய முள் திடீரென வீழ்ந்தால் மகிழாது லொறியை நிறுத்துக. 12 வோல்ற்றுப் பற்றரியுள்ள வாகனத்தில் வோல்ற்றுமானி ஓட்டத்தின்போது ஏறத்தாழ 14 வோல்ற்றைக் காட்டினால் மின்னேற்றம் நலமே. 12க்குக் கீழிறங்கினால் பெல்ற்றையும் மின்பிறப்பாக்கியையும் நோக்குதல் வேண்டும்.

உணரியும் மானியும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாக இருத்தல் வேண்டும். ஒன்றின் உணரியை மற்றொன்றோடு இணைத்தால் முள் பொய் சொல்லும். ஒவ்வொரு மின்கம்பிக்கும் மின்வழங்கும் இடத்திற்கு அருகிலேயே உருகி இடுதல் இன்றியமையாதது. உருகியில்லாத ஒரு கம்பி தேய்ந்து உலோகத்தில் முட்டினால், லொறியைக் காக்க வந்த கருவியே அதனை எரித்துவிடும். மானிகள் வீதியிலிருந்து கண்ணை அதிகம் விலக்காது காணத்தக்க இடத்தில் அமைதல் வேண்டும்.

மானி எதனையும் பழுதுபார்ப்பதில்லை. லொறி நலமாக ஓடும் நாளில், வெறுமையாயும் சுமையோடும், ஏற்றத்திலும் சமவெளியிலும் முட்கள் எங்கு நிற்கின்றன என்பதைச் சாரதி ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் வேண்டும். சுகநிலையின் நாடியை அறிந்தவரே நோயின் நாடியை அறிவர். அவ்வறிவுடைய சாரதி வீதியோரத்தில் ஐந்து நிமிடம் தாமதிப்பார். ஆனால் வீடு வந்து சேர்வார்.