பிடிக்கும், பிடிக்காது: ஒரு கணக்கு

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது. வர இயலாத சிலர் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு மடலில் எழுத்து வடிவில் வருகிறது.)



பத்து நிமிடம் பேச வேண்டும், ஆனால் பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, கார் நிறுத்துமிடம் இந்த மூன்றையும் தொடக் கூடாது என்று செயலாளர் நிபந்தனை போட்டுவிட்டார். இந்த மூன்றையும் கழித்தால் நம் அடுக்ககத்தில் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுவது சாப்பாடுதான். ஆகவே எனக்கு எந்தப் பழம் பிடிக்கும், எது பிடிக்காது என்று பேசலாம் என முடிவு செய்தேன். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு வீட்டில் யாருடைய பேச்சுக்கு மதிப்பு, யாரை யாரும் கேட்பதே இல்லை என்பது சாப்பாட்டுத் தட்டில் தெரிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

நான் பி.காம். படித்துவிட்டு, 35 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று எழுதிப் பழகிய கை. அதே முறையில் சொல்கிறேன்.

முதலில் வரவுப் பக்கம். வாழைப்பழம்தான் முதல் வரி. அதிலும் ரஸ்தாளி. மெல்லிய தோல், நல்ல மணம். நன்றாகப் பழுத்துவிட்டால் சீப்பிலிருந்து தானாகவே கழன்று விழும். சில பழங்களில் நடுவே கட்டி தட்டியிருக்கும், அது ஒன்றுதான் குறை. பூவனில் கொஞ்சம் புளிப்பு இருப்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாக இருக்கும். கற்பூரவல்லி தேன் மாதிரி. எப்போதாவது ஒரு விதை பல்லில் மாட்டும், பரவாயில்லை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது விருப்பாச்சி மலைவாழை. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்த மலைவாழையை முடிக்கொத்து நோய் ரொம்பவும் பாடாய்ப் படுத்திவிட்டது. பார்த்தால் வாங்குங்கள். தோலில் கறுப்புப் புள்ளி இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம்.

இரண்டாவது மாம்பழம். நான் சேலத்துக்காரன் என்பதால் பாரபட்சம் இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். மல்கோவாவுக்கும் இமாம் பசந்துக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லச் சொன்னால் வாய்தா கேட்பேன். பங்கனப்பள்ளி நம்பகமான பழம், ஏமாற்றாது. நீலம் சீசன் முடியும் நேரத்தில் வரும். வெட்டினால் உள்ளே வண்டு இருக்கலாம். இருந்தாலும் மற்ற மாம்பழமெல்லாம் கடையை விட்டுப் போன பிறகு வருகிறதே, அதற்காகவே அதன் மேல் ஒரு பிரியம்.

மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆப்பிள் பை. பை என்றதும் துணிப்பை என்று நினைக்க வேண்டாம். என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். ஒரு நவம்பரில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். அந்த மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அவர்களுக்கு ‘தேங்க்ஸ்கிவிங்’ என்ற நன்றித் திருநாள். பக்கத்து வீட்டு அம்மையார் இரண்டு பை செய்து கொண்டுவந்து கொடுத்தார். மைதாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, தட்டில் பரப்பி, உள்ளே பழத்தை நிரப்பி ஓவனில் சுடுவதுதான் பை. நம் சோமாசிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் பையைச் சூடாகச் சாப்பிட்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே புளிப்பும் இனிப்பும். உடனே வரவு வைத்துவிட்டேன்.

இன்னொன்று பறங்கிக்காய் பை. அது நேராகப் பற்றுப் பக்கம் போனது. நமக்குப் பறங்கிக்காய் என்றால் பொங்கல் குழம்பு, அல்லது காராமணி போட்ட கூட்டு. அவர்கள் அதை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் சேர்த்து இனிப்பாக்கி விடுகிறார்கள். கிராம்பு வாசனை எனக்குப் பல் வலியை நினைவுபடுத்துகிறது. ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். அந்த அம்மையார் பார்த்தார், சிரித்தார், “இன்னும் ஒரு துண்டு” என்று சொல்லவே இல்லை. அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது. அதையும் வரவில்தான் எழுதியிருக்கிறேன்.

பற்றுப் பக்கத்தில் மேலும் இரண்டு. ஒன்று பப்பாளி. காலையில் என்னோடு நடக்கும் நண்பர்கள் தினமும் சொல்கிறார்கள்: “பப்பாளி சாப்பிடுங்க சார், வயித்துக்கு நல்லது.” நல்லதுதான், மறுக்கவில்லை. அந்த வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மற்றொன்று சாத்துக்குடி. காரணம் பிறகு சொல்கிறேன்.

ஒருவருக்கு ஒரு பண்டம் ஏன் பிடிப்பதில்லை? “வளர்த்த விதம் சரியில்லை”, “நாக்கு நீளம்”, “பிடிவாதம்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். எனக்குத் தெரிந்தவரை முக்கியமான காரணங்கள் நான்கு.

முதலாவது பழக்கம். பறங்கிக்காய் என்ற பெயரே பறங்கியரோடு வந்தது என்று சொல்கிறது. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், பப்பாளி, கொய்யா, அன்னாசி, சப்போட்டா எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் 1492-ல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, ஐரோப்பியர் கப்பல்கள் வழியாக இந்தப் பக்கம் வந்தவை. இன்றும் பல வீடுகளில் திவசத்தன்று தக்காளியும் உருளைக்கிழங்கும் மிளகாயும் சேர்ப்பதில்லை, மிளகுதான் போடுவார்கள். மிளகாய் இல்லாத காலத்துச் சமையல் அந்த ஒரு நாளில் மட்டும் மிச்சமிருக்கிறது. இன்று மிளகாய் இல்லாமல் நமக்குச் சாதம் இறங்காது. ஆகவே “இது நம் சாப்பாடு, அது அவர்கள் சாப்பாடு” என்று ரொம்பவும் உறுதியாகச் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது உடம்பு. 1931-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்பவர் பி.டி.சி. என்ற ரசாயனப் பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்துவிட்டது. உடனிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கசப்பு தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது. அதற்குக் காரணமான மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். பாகற்காய்க்கும் இதே கணக்குதான் என்று நான் சொல்லவில்லை. ஒரே மேஜையில் ஒரே பொருளைச் சாப்பிடும் இரண்டு பேர் வாயில் இரண்டு வேறு சுவை இருக்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி மணக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது ஞாபகம். 1955-ல் ஜான் கார்சியா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே கதிர்வீச்சால் உடம்பை நோகவைத்தார்கள். அதற்குப் பிறகு எலிகள் அந்த இனிப்புத் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கின. உடம்பு படுத்திய சமயத்தில் வாயில் இருந்த சுவையின் மேல் பழி விழுந்துவிடுகிறது. என் சாத்துக்குடிக் கதையும் இதுதான். சிறு வயதில் எனக்கு மஞ்சள் காமாலை. அந்தக் காலத்தில் ஆப்பிள், சாத்துக்குடி, ரொட்டி எல்லாம் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகும் சாமான்கள். பல நாள் சாத்துக்குடிச் சாறும் குமட்டலுமாகக் கிடந்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தத் தோலை உரிக்கிற வாசனை வந்தால் வயிறு புரள்கிறது.

நான்காவதுதான் முக்கியமானது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அது விட்டுக்கொடுத்தல்.

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். சேலத்திலேயே இருந்தாலும் மாம்பழம் கூடையாக வராது. ஒரு பழம் வாங்கினால் கதுப்பெல்லாம் அப்பாவுக்கும் எங்களுக்கும், கொட்டை அம்மாவுக்கு. “எனக்குக் கொட்டைதான் பிடிக்கும்” என்பார் அம்மா. அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, பதிவான விஷயம். எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, அம்மா எங்களோடு வந்து தங்கினார். ஒரு மே மாதம் என் மனைவி முழு மல்கோவாவை நறுக்கி, கதுப்பு எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து அம்மாவிடம் கொடுத்தாள். “கொட்டையும் வேணுமா அத்தை?” என்று கேட்டாள்.

“கொட்டையில என்னம்மா இருக்கு?” என்றார் அம்மா. தட்டில் ஒரு துண்டு மிச்சமில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருப்பார். தோசையில் கடைசியில் வரும் கருகியதைத்தான் பிடிக்கும் என்பார். காலையில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாது, எனக்குப் பழையதுதான் ஒத்துக்கொள்ளும் என்பார். ஐஸ்கிரீம் வாங்கும்போது எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் எனக்குப் பல் கூசும் என்பார். அவர் சொல்வதை நாம் நம்பிவிடுகிறோம். நம்புவது நமக்கு வசதியாகவும் இருக்கிறது.

வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் வைப்பது என்று உடனே தெரியாத தொகையை அதில் வைப்போம். அங்கேயே விட்டுவிட முடியாது, ஆடிட்டர் கேட்பார். விசாரித்து உரிய கணக்குக்கு மாற்றியாக வேண்டும். யாராவது “எனக்குப் பிடிக்காது” என்று சொன்னால் அதையும் முதலில் சஸ்பென்ஸில் வையுங்கள். பழக்கமா, உடம்பா, ஞாபகமா, விட்டுக்கொடுத்தலா என்று விசாரியுங்கள். உடம்பும் ஞாபகமும் என்றால் வற்புறுத்த வேண்டாம். பழக்கம் என்றால், முக்கியமாகக் குழந்தைகள் விஷயத்தில், பொறுமையாக இருங்கள். ஒரு வாய், அடுத்த வாரம் இன்னொரு வாய், திட்டு இல்லாமல். புதுச் சுவை பிடிபடப் பத்துத் தடவைகூட ஆகலாம். விட்டுக்கொடுத்தல் என்று தெரிந்தால் வாயால் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், என் மனைவி மாதிரி தட்டை நீட்டிவிடுங்கள்.

இதே கணக்கு வீட்டுக்கு வெளியிலும் உண்டு. ஆயுத பூஜை முடிந்தால் நம் ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் வாழைப்பழச் சீப்பு செக்யூரிட்டி அறைக்குப் போகிறது, பெரும்பாலும் தோல் கறுத்த பிறகு. வேலைக்கு வரும் அம்மாவுக்கும் அப்படித்தான். “அவங்க எல்லாம் சாப்பிடுவாங்க” என்கிறோம். அவர்களுக்கு எது பிடிக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த வருடம் முதல் நாளே, பழம் நன்றாக இருக்கும்போதே, கேட்டுக் கொடுப்போம்.

பொங்கல் விழா விருந்துக் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். உட்காருவதற்கு முன்பே எல்லாப் பண்டத்தையும் இலையில் வைத்துவிடாமல், கேட்டுக் கேட்டுப் பரிமாறலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இலையில் ஜாங்கிரியை வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடச் சொல்வது கொடுமை. சங்கடத்தோடு மூடப்படும் இலைகளும் குறையும், குப்பைத் தொட்டிக்குப் போகும் சோறும் குறையும். “போதும்” என்று ஒருவர் சொன்னால் அந்த அமெரிக்க அம்மையாரைப் போலச் சிரித்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடலாம்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: “உனக்கு நிஜமா எது பிடிக்கும்?” முதல் தடவை “எதுவானாலும் சரி” என்றுதான் பதில் வரும். அதை சஸ்பென்ஸில் வைத்துவிட்டு, இரண்டாவது தடவையும் கேளுங்கள்.

பப்பாளி சிபாரிசு செய்கிற நண்பர்கள் நாளைக் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் வரலாம். நடக்க நான் தயார்.