மருத்துவ வேனுக்குச் சூரிய மின்சாரம்: முதலில் தவறியதும் பிறகு திருத்தியதும்

(மாதாந்திரப் பொதுக்கூட்டத்தில் மருத்துவ முகாம் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)





மருத்துவ வேன் ஏழு வாரமாக ஏன் வரவில்லை என்று பல வீடுகளிலிருந்து கேட்டீர்கள். ஷெட்டில் நிற்கிறது, சின்ன ரிப்பேர் என்று சொல்லி வந்தோம். அது முழுமையான பதில் அல்ல. உங்கள் பணத்தில் ஓடுகிற வண்டி அது. அதற்குள் தீப்பிடிக்க இருந்தது, அதுவும் எங்கள் கவனக்குறைவால் என்பதை உங்களிடம் மறைப்பது அமானிதத்திற்குப் பொருந்தாது என்று குழுவில் பேசி முடிவு செய்தோம். நடந்ததையும் அதற்குப் பிறகு செய்ததையும் இன்று சொல்கிறோம். உங்களில் சிலர் வீட்டு வேனில், சுற்றுலா வண்டியில் பேட்டரி, சோலார் மாட்ட நினைப்பதாகவும் கேள்விப்பட்டோம். அவர்களுக்கும் இது உதவக்கூடும்.

வேனில் மின்சாரம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறோம். முகாமுக்குப் போகிற இடங்களில் யார் வீட்டிலிருந்தாவது ஒயர் இழுத்துத்தான் முன்பு சமாளித்தோம். கரண்ட் போனால் எல்லாம் நிற்கும். பிறகு ஒரு ஜெனரேட்டர் வாங்கினோம். அது போடும் சத்தத்தில் டாக்டரம்மாவுக்கு ஸ்டெதாஸ்கோப்பில் எதுவும் கேட்கவில்லை. மூச்சிரைப்போடு வந்தவர்கள் அதன் புகையில் மேலும் இருமினார்கள். அதனால்தான் சோலார் யோசனை வந்தது. யோசனை நல்லதுதான். செய்த விதத்தில்தான் கோளாறு.

நூறு வாட் பேனல் ஒன்று, வீட்டு இன்வர்ட்டருக்குப் போடுகிற 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று, ஆயிரம் வாட் இன்வர்ட்டர் ஒன்று. கடையில் இது போதும் என்றார்கள், நாங்களும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்கினோம். வீட்டு ஒயரிங்கில் நல்ல அனுபவம் உள்ள தம்பி ஒருவர் கூலி வாங்காமல் மாட்டிக் கொடுத்தார். பேட்டரி பின்பக்கம், இன்வர்ட்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால். நடுவில் மூன்று மீட்டர் தூரம். ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தரைவிரிப்புக்கு அடியில் கொண்டுபோனார். வீட்டில் ஏ.சி.க்குப் போடுகிற ஒயரைவிடத் தடிமன் இது, தாராளமாகத் தாங்கும் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. வீட்டுக் கணக்கில் அவர் சொன்னது சரி.

அன்றைய முகாமில் எழுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இழுப்பு வந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு உள்ளே நெபுலைசர் வைத்து முடித்து, அதன் உம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் எங்களில் ஒருவர் டீக்கு வெந்நீர் வைக்க எலக்ட்ரிக் கெட்டிலை மாட்டினார். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து, பின் புகை வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் இறங்கினோம். டிரைவர் காக்கா சமயோசிதமாகக் கெட்டிலைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி முனையை ஸ்பேனரால் கழற்றினார். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது ஒயரின் மேலுறை உருகி, சிவப்பும் கருப்பும் ஒட்டிக்கொள்ள ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வண்டியில் ஆக்ஸிஜன் சிலிண்டரும் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஏன் இப்படி ஆனது? ஒயரைச் சூடாக்குவது அதில் ஓடுகிற ஆம்பியர். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ஆயிரம் வாட் கெட்டில் வீட்டில் 230 வோல்ட்டில் நான்கரை ஆம்பியர்கூட இழுக்காது. அதே கெட்டிலை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர் வழியாக ஓட்டினால், இன்வர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, பேட்டரி ஒயரில் 95 ஆம்பியர் அளவுக்கு ஓடுகிறது. இருபது மடங்குக்கு மேல்! அந்த ஒயரில் போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர். கணக்குப் போட்டால் ஒயரிலேயே ஒன்றேமுக்கால் வோல்ட் காணாமல் போகிறது. அதாவது 160 வாட்டுக்கு மேல் ஒயருக்குள்ளேயே சூடாகிறது. காற்றுப் புகாத தரைவிரிப்புக்கு அடியில் அது எங்கே போகும்?

இன்னொரு பெரிய பிழை, பேட்டரியில் ஃபியூஸே இல்லை. இன்வர்ட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதே என்று நினைத்தோம். அது இன்வர்ட்டரைக் காப்பாற்றும், ஒயரைக் காப்பாற்றாது. இரண்டு ஒயரும் நடுவழியில் ஒட்டிக்கொண்டால் மின்சாரம் இன்வர்ட்டர் வரைக்கும் போகாமலே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஆகவே ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும். ஒயர் தாங்கும் ஆம்பியருக்கு மேற்படாத ஃபியூஸாகவும் இருக்க வேண்டும்.

மறுபடி செய்யும்போது கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இன்சுலின், தடுப்பு மருந்துக்கான 12 வோல்ட் கம்ப்ரஸர் பெட்டி 45 வாட். நம்ம ஊர் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 540 வாட்-ஹவர். 15 வாட் மின்விசிறி இரண்டு ஆறு மணி நேரம் ஓட 180. ஆறு வாட் எல்.இ.டி. நான்கு, ஐந்து மணி நேரத்துக்கு 120. நெபுலைசர் 130 வாட், ஆளுக்குப் பத்து நிமிடமாகப் பன்னிரண்டு பேருக்கு 260. லேப்டாப், போன் எல்லாம் சேர்த்து 180. இன்வர்ட்டர் இழப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 1350 வாட்-ஹவர், அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல்.

இந்தத் தாளைப் பார்த்தபோதுதான் பழைய ஏற்பாடு முதல் நாளிலிருந்தே போதாது என்று தெரிந்தது. நூறு வாட் பேனல் நல்ல வெயிலில் 350 வாட்-ஹவர் தரும். டியூபுலர் பேட்டரியில் 1800 இருந்தாலும் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், ஆக 900தான். விடியும்போது மருந்துப் பெட்டி அணைந்து கிடந்ததற்கும், ஒருமுறை இன்சுலின் குப்பிகளை வீசவேண்டி வந்ததற்கும் இதுவே காரணம். இன்சுலின் இருப்பை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது.

கெட்டில் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க நூறு வாட்-ஹவர்கூட ஆகாது. மின்விசிறி செலவைவிடக் குறைவு. மொத்தச் செலவு சிறிது, ஒரே நேரத்தில் இழுக்கும் வேகம்தான் பெரிது. மொத்தச் செலவைப் பார்த்துப் பேட்டரியை வாங்க வேண்டும், வேகத்தைப் பார்த்து ஒயரைப் போட வேண்டும். இந்த இரண்டையும் நாங்கள் குழப்பிக்கொண்டோம்.

இப்போது கூரையில் 200 வாட் பேனல் இரண்டு இருக்கின்றன. ஒரு நாள் வெயிலை ஐந்து மணி நேர முழு வெயிலாகக் கணக்கிட்டால் 2000 வரவேண்டும். ஆனால் வண்டிக் கூரையில் பேனல் படுத்துக் கிடக்கிறது, தூசு படிகிறது, சுடுகிறது. வெயில் அதிகம் என்றால் மின்சாரமும் அதிகம் என்று நினைக்கிறோம். ஒளிக்கு அது சரி, சூட்டுக்குச் சரியில்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் அளவுக்கு உற்பத்தி குறையும். பேனல் 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் போய்விடும். ஆகவே எழுபது சதவீதம், 1400 என்று வைத்துக்கொண்டோம். கூரையோடு ஒட்டுகிற வளையும் பேனல் அழகாகத்தான் இருக்கிறது. அடியில் காற்றோட்டம் இல்லாமல் சீக்கிரம் கெடும் என்பதால் விட்டுவிட்டோம். கண்ணாடிப் பேனலை அலுமினியச் சட்டத்தில் மூன்று அங்குலம் உயர்த்தி, லாக் நட் போட்டு முடுக்கினோம். கூரையில் இருந்த பழைய லக்கேஜ் கேரியரையும் கழற்றிவிட்டோம். அதன் கம்பி நிழல் பேனலில் விழுந்தாலே உற்பத்தி நன்றாகக் குறைகிறது.

பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு மாறினோம். விலை அதிகம்தான், இதைக் குழுவில் இரண்டு கூட்டம் விவாதித்தோம். நூறு ஆம்பியர்-ஹவர் உள்ளது இரண்டு, மொத்தம் 2560 வாட்-ஹவர். எண்பது சதவீதம் எடுத்தாலும் 2000 கிடைக்கிறது, வெயிலே இல்லாமல் ஒன்றரை நாள் தாங்கும். இரண்டும் சேர்ந்து 25 கிலோ அளவு. பழைய டியூபுலர் ஒன்றே அதைப்போல் இரண்டு மடங்கு. அதோடு, ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். நோயாளிகள் உட்காரும் மூடிய வண்டிக்குள் அதை வைத்ததே தப்பு. லித்தியம் என்றாலே எரியும் என்ற பயம் சிலருக்கு உண்டு. பாஸ்பேட் வகை மற்ற லித்தியம் வகைகளைவிட நிதானமானது. ஆனால் உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட்டோடு, பில்லும் வாரண்டியும் தருகிற இடத்தில் வாங்க வேண்டும். பழைய வண்டி பேட்டரியைப் பிரித்துக் கட்டிக் கொடுப்பதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உறைபனி விழுகிற அளவு குளிரில், பேட்டரி பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே இருந்தால் இந்த வகையைச் சார்ஜ் செய்யக்கூடாது.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர். மலிவான பி.டபிள்யூ.எம். வகை, பேனல் தரும் கூடுதல் வோல்ட்டை வீணாக்கிவிடும். 400 வாட்டை 13 வோல்ட்டால் வகுத்தால் 30 ஆம்பியர், ஆக 30 ஆம்பியர் கன்ட்ரோலர். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். ஐப்பசி, கார்த்திகை மழையில் பேனல் பாதிகூடத் தராது என்பதால், வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற 30 ஆம்பியர் டி.சி. சார்ஜர் ஒன்றும் வைத்தோம். இரண்டு மணி நேரம் ஓடினால் 750க்குக் குறையாமல் ஏறும். ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறி இழுத்து ஆல்டர்னேட்டரையே சுட்டுவிடும்.

ஒயரிங்தான் இந்த முறை அதிக நாள் பிடித்தது. இன்வர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தோம். ஒரு மீட்டர் தூரம், 35 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு கேபிள், 125 ஆம்பியர் ஃபியூஸ். மூன்று மீட்டரில் ஒன்றேமுக்கால் வோல்ட் போன இடத்தில் இப்போது 0.1 வோல்ட்தான் போகிறது. முனைகளைச் சுத்தியலால் தட்டாமல் ஹைட்ராலிக் கருவியால் அழுத்தினோம். வண்டி குலுங்குகிற பொருள், தளர்ந்த முனை ஒன்றே சூடாவதற்குப் போதும். ஒரு மாதம் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்க வேண்டும், அந்தத் தேதியை டிரைவர் காக்கா உள்ளே சுவரில் எழுதி வைத்திருக்கிறார். பேனல் பக்கம் வீட்டு எம்.சி.பி. போடக்கூடாது. டி.சி. மின்சாரத்தின் தீப்பொறியை அது அணைக்காது, டி.சி. பிரேக்கர்தான் வேண்டும். இன்வர்ட்டர் சைன்வேவ் வகை. பழையதில் நெபுலைசர் உறுமிக்கொண்டே சூடானது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கதவோரம் உலர்பொடி தீயணைப்பான் ஒன்றும் மாட்டியாயிற்று. அது முதலிலேயே இருந்திருக்க வேண்டும்.

வண்டியில் செய்யும் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. கூரையில் கை வைக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை நாங்கள் அதையும் செய்யவில்லை.

முதல் ஏற்பாட்டில் வீணான தொகையைக் குழு உறுப்பினர்கள் தங்களுக்குள் பகிர்ந்து கட்டிவிட்டோம். புதிய பொருள்களின் பில்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, அஸருக்குப் பிறகு யாரும் வந்து பார்க்கலாம். அந்த எலக்ட்ரீஷியன் தம்பி இந்த முறையும் கூடவே இருந்து வேலை செய்தார். கெட்டில் இப்போது அலுவலக அடுப்படியில் இருக்கிறது.

வரும் ஞாயிறு முதல் முகாம் தொடங்கும், இன்ஷா அல்லாஹ். ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் முற்றத்தில் வேப்ப மரத்து நிழலில் வேன் நின்றால் சார்ஜ் ஏறாது. மேற்குச் சுவரோரம் வெயில் விழுகிற இடத்தை வேனுக்கு விட்டுவிட்டு, பைக்குகளை நீங்கள் நிழலுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.