ஆறுகள் வகுத்த எல்லை



யூரல் மலைக்குக் கிழக்கே ரஷ்யர்கள் அமைத்த முதல் நகரம் தியுமென். ஆண்டு 1586. அடுத்த 53 ஆண்டுகளில், அதாவது 1639இல், இவான் மொஸ்க்வித்தின் தலைமையில் சென்ற ஒரு சிறு கோசாக் வீரர் குழு ஒகோத்ஸ்க் கடற்கரையை எட்டிவிட்டது. இரண்டுக்கும் இடையே நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் காடும் சதுப்பும். சாலை கிடையாது, பெரும்படையும் கிடையாது. பிறகு எப்படிப் போனார்கள்?

படகில் போனார்கள். சைபீரியாவின் பேராறுகளான ஓப், எனிசெய், லேனா மூன்றும் வடக்கு நோக்கி ஓடுபவை. கிழக்கே போகிறவர்களுக்கு அவற்றால் என்ன பயன் என்று தோன்றும். ஆனால் அவற்றின் கிளையாறுகள் கிழக்கிலும் மேற்கிலுமாக விரிந்து கிடக்கின்றன. ஓப் ஆற்றின் கிளையான கேத் நதியில் எதிர்நீச்சலாகப் படகைச் செலுத்தினால், எனிசெய் ஆற்றுக்கு வெகு அருகில் போய்விடலாம். மிச்சத் தூரத்துக்குச் சரக்கைத் தரைவழியே கொண்டுபோக வேண்டும். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் அதுவே சறுக்குவண்டிப் பாதை.

ஆகவே, ஊர்கள் எங்கே எழ வேண்டும் என்பதை ஆறுகளே முடிவு செய்தன. தொபோல், இர்த்திஷ் ஆறுகள் கூடும் இடத்தருகே 1587இல் தொபோல்ஸ்க் எழுந்தது. கேத் நதியிலிருந்து தரைவழி தொடங்கும் இடத்தில் மக்கோவ்ஸ்கி கோட்டை. எனிசெய்க் கரையில் 1619இல் எனிசெய்ஸ்க். லேனாவுக்குப் போகும் தரைவழியில் 1630இல் இலிம்ஸ்க். லேனாக் கரையில் 1632இல் யாகுத்ஸ்க். கூர்சீவிய மரங்களை நெருக்கமாக நட்டு வேலியாக்கிய சிறு கோட்டைகள்தான் இவை. படகு வந்தாலும் போனாலும் இவற்றின் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

தெற்கே புல்வெளியில் வளமான மண் இருந்ததே, அங்கே ஏன் போகவில்லை? அங்கே குதிரைப் படையுடைய நாடோடி மக்கள் வலுவாக இருந்தார்கள். மேலும், ரஷ்யர்கள் தேடிப் போன செல்வம் சேபிள் என்னும் சிறு விலங்கின் மென்மயிர்த் தோல். அது வாழ்வது காட்டில்.

அந்தக் காடு ஆளில்லாத காடல்ல. ஹாந்தி, ஏவன்கி, யாகுத் மக்கள் அதே ஆற்றங்கரைகளில் காலங்காலமாக வாழ்ந்தவர்கள். அவர்களிடம் வழி கேட்டு வந்தவர்களே அவர்கள்மீது 'யசாக்' என்ற தோல்வரியைச் சுமத்தினார்கள். வரி தவறாதிருக்கப் பிணையாளிகளையும் பிடித்து வைத்தார்கள்.

தோலைக் கொடுத்த காடு சோற்றைக் கொடுக்கவில்லை. யாகுத்ஸ்க் போன்ற ஊர்களுக்குத் தானியம் தொலைவிலிருந்து படகில் வர வேண்டியிருந்தது. தோல் வணிகத்தையே நம்பி 1601இல் வடக்கே எழுந்த மங்கசேயா, சேபிள் அருகிப்போனபின் தாக்குப்பிடிக்க முடியாமல் 1672இல் கைவிடப்பட்டது. உழவர் குடியேற்றங்கள் காட்டின் தெற்கு விளிம்பை ஒட்டியே பெருகின.

ஆறுகளின் இந்த ஆதிக்கத்தை முறித்தது ரயில். பெரும் ரயில் பாதை ஒதுக்கிவிட்டுப் போனதால் சைபீரியாவின் பழைய தலைநகரான தொபோல்ஸ்க் பின்தங்கியது. ஓப் ஆற்றின் ரயில் பாலத்தை ஒட்டி 1893இல் தோன்றிய குடியிருப்புதான் நோவோசிபிர்ஸ்க். இன்று சைபீரியாவின் மிகப் பெரிய நகரம் அதுவே.